2147483647 பகா எண் என்று கணினி இல்லாத காலத்தில் எப்படி உறுதிசெய்தார்கள்?

கையால் வகுத்துத்தான். 1772இல் கணிதவியலாளர் ஆய்லர் செய்தார், அதுவும் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்த நிலையில். ஆனால் எவ்வளவு குறைவாக வகுத்தார் என்பதுதான் இதில் அழகு.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் கிட்டத்தட்ட 4,800 வகுத்தல்கள். முடியாததில்லை, ஆனால் கொடுமை.

ஆய்லர் பிடித்துக்கொண்டது, இந்த எண் 2³¹ − 1 என்பதை. 'ப' என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று 2இன் அடுக்குகளை 'ப'வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், 31 படிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். 31 பகா எண் என்பதால் இதைவிடச் சின்னச் சுழற்சிக்கு இடமில்லை. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி ப − 1 படியிலும் வரிசை திரும்பியாக வேண்டும். ஆக, ப − 1 என்பது 31இன் மடங்கு. 'ப' ஒற்றைப்படை எண், அதனால் 62இன் மடங்கும்கூட.

அப்புறம் இன்னொரு வடிகட்டல். 2³²ஐ, அதாவது 2¹⁶இன் வர்க்கத்தை, 'ப'வால் வகுத்தால் மீதி 2. இப்படி ஒரு வர்க்கத்தின் மீதியாக 2 வர வேண்டுமானால், 'ப'வை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வர வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் பகா எண்கள் மட்டுமே மிஞ்சும்.

சரி, எவை அவை? முதலில் வருவது 311. அடுத்தது நேராக 1303! 46,340 வரை தேடினாலும் பட்டியல் நூறைத் தொடாது. எதுவும் வகுக்கவில்லை, வேலை முடிந்தது.

கணினியில் 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்), கூட்டல்-கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான் என்பதால் நிரல் எழுதுபவர்களுக்கு இது நன்றாகப் பழக்கம். அந்தப் புகழுக்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 16 பிட்டின் உச்சமான 32767 வெறும் 7 × 31 × 151. ஆனால் பழைய சமவாய்ப்பு எண் நிரல்கள் முந்தைய எண்ணை 16807ஆல், அதாவது 7⁵ஆல், பெருக்கி 2147483647ஆல் வகுத்து மீதி எடுத்தபோது பகாத்தன்மை உண்மையிலேயே உதவியது: 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2⁵ − 1 = 31 பகா எண். 2³¹ − 1 பகா எண். அப்படியானால் 2இன் 2147483647ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால்? 64 கோடி இலக்கங்களைத் தாண்டும் அந்த ராட்சத எண் பகா எண் இல்லை. 295257526626031 அதை வகுக்கிறது. இதிலிருந்து 1ஐக் கழித்துப் பாருங்கள்: 2 × 2147483647 × 68745. ஆய்லர் சொன்ன அதே வடிவம்.