ஈஸ்ட் தட்டில் சிறு காலனிகள்: பழுது மைட்டோகாண்ட்ரியாவிலா, உட்கருவிலா?

கேள்வி: பினாங்கு, பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்டைக் குளுக்கோஸ் ஊடகத்தில் பரப்பினால், பெரிய காலனிகளுக்கிடையே சில மட்டும் மிகச் சிறியவையாக வளர்கின்றன. இவை மரபுக் குறைபாடு உடையவையா? அப்படியானால் பழுது எங்குள்ளது என்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே அறிய முடியுமா?

பதில்: சிறிய காலனி ஒன்றை முதலில் வேறொரு குளுக்கோஸ் தட்டில் இடைவெளிவிட்டுக் கீறிப் பாருங்கள், ஆசிரியை. நெரிசலால் குன்றியதென்றால் அது இப்போது பெரிதாகிவிடும். பாக்டீரியா என்றால் நுண்ணோக்கியே காட்டிக்கொடுக்கும். மொட்டுவிடும் ஈஸ்ட் செல்களே தெரிந்து, புதிய காலனிகளும் சிறியவையாகவே இருந்தால், 1940களின் இறுதியில் மரபியலாளர் போரிஸ் எஃப்ருஸ்ஸி பாரிசில் ஆராய்ந்த ‘பெட்டீட்’ (பிரெஞ்சில் ‘சிறியது’) வகையாக அது இருக்கக்கூடும்.

இதை உறுதிசெய்ய, குளுக்கோசுக்குப் பதிலாக 3 விழுக்காடு கிளிசரால் சேர்த்த ஊடகம் வேண்டும். குளுக்கோசை நொதிக்கச் செய்தே ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும்; கிளிசராலில் வளர அதற்கு, செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் தேவை. ஒரு பெரிய காலனியையும் ஒரு சிறிய காலனியையும் இருவகைத் தட்டுகளிலும் கீறி, 30 பாகை செல்சியசில் நான்கைந்து நாள் வைத்திருங்கள். பெரியது இரண்டிலும் வளர, சிறியது குளுக்கோசில் மட்டும் வளர்ந்தால் சுவாசக் குறைபாடு உறுதி.

பழுது எங்கே என்பதுதான் கடினமானதும் சுவையானதுமான பகுதி. ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ ஏறத்தாழ 85,000 கார இணைகள் நீளமுடையது என்றாலும், அதிலிருந்து கிடைக்கும் முக்கியப் புரதங்கள் எட்டுதான். அந்த உறுப்புக்குத் தேவையான மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களை உட்கரு மரபணுக்களே தருகின்றன. எனவே இரண்டில் எது பழுதானாலும் சுவாசம் நின்றுவிடலாம். காலனியும் ஒன்றுபோலவே தோன்றும். ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே நகல் கொண்ட (ஒருமடிய) ஆய்வக இனமாக இருந்தால், மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை அறவே இழந்த, ஆனால் உட்கரு பழுதற்ற, எதிர் இணைவகை ஈஸ்டுடன் அதை இணையவிடுவார்கள். இணைவில் பிறக்கும் இருமடியச் (இரு நகல் கொண்ட) செல்களுக்குப் பழுதற்ற உட்கரு அந்த ஈஸ்டிலிருந்து கிடைக்கும், மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவோ சிறிய காலனியிலிருந்து மட்டுமே வரும்; ஆகவே அவை கிளிசராலில் வளர்ந்தால் பழுது உட்கருவில் இருந்தது. வளராவிட்டால் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில்.

கடை ஈஸ்ட் பெரும்பாலும் பன்மடியமானது (ஒவ்வொரு மரபணுவுக்கும் பல நகல்கள் உண்டு), எளிதில் இணையாது. ஆனால் அதே தன்மைதான் உங்கள் கேள்விக்கு விடையும் தருகிறது. உட்கரு மரபணுவின் ஒரு நகல் பழுதானாலும் எஞ்சிய நகல்கள் ஈடுசெய்துவிடுவதால், தானாகத் தோன்றும் உட்கருப் பழுது இதில் வெளிப்படுவது அரிது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பெருமளவு அறுந்துபோவதோ முற்றிலும் தொலைவதோ அடிக்கடி நேர்வது. அந்த இழப்பு மீளாதது என்பதால், சிறிய காலனியின் செல்களை ஏராளமாகக் கிளிசரால் தட்டில் பரப்பியும் ஒன்றுகூட வளராவிட்டால் முடிவு மேலும் வலுப்பெறும். ‘மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இழப்பாகவே இருக்க வாய்ப்பு மிகுதி’ என்று மாணவர்கள் எழுதட்டும்; ‘நிறுவினோம்’ என்று எழுத வேண்டாம்.

பெட்டீட்டுகளைப் பெருக்க எத்திடியம் புரோமைடு பயன்படுவதுண்டு. அது மரபுத்திரிபு உண்டாக்கக்கூடிய பொருள் ஆதலால் பள்ளிக்குள் கொண்டுவரவே கூடாது. பிற்பகல் வெயிலில் பூட்டிய அறையில் தட்டுகளை விட்டுவைக்காதீர்கள். 40 பாகையை நெருங்கும் வெப்பமே பெட்டீட்டுகளின் விகிதத்தைக் கூட்டிவிடும்.