சாம்பிள் தைப்பது பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஃபேஷன் டிசைன் மாணவி: அக்கா, புரோட்டோ, ஃபிட், சைஸ் செட், பிபி என்று இத்தனை சாம்பிள் எதற்கு? ஒரே தடவை நன்றாகத் தைத்து அனுப்பினால் போதாதா?

போதாதும்மா. ஒவ்வொன்றிலும் பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனி, பார்ப்பது வேறு. புரோட்டோவில் டிசைன் துணியில் எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். கிட்டத்தட்ட அதே மாதிரித் துணி இருந்தால் போதும், கலர் எதுவானாலும் பரவாயில்லை. ஃபிட் சாம்பிளில் அளவும் உடம்பில் உட்காரும் விதமும். அது ஓகே ஆன பிறகு எல்லா சைஸிலும் தைத்துக் காட்டுவது சைஸ் செட். கடைசியாக வரும் பிபி, அதாவது பல்க் (மொத்த உற்பத்தி) தொடங்கும் முன் தைக்கும் சாம்பிள்தான் முக்கியம். பல்க்கில் போகப்போகிற அதே துணி, அதே நூல், அதே லேபிள், அதே பிரிண்ட். பிபி அப்ரூவல் வராமல் கட்டிங் டேபிளில் துணியை விரிக்கவே கூடாது. ஷிப்மென்ட் நெருங்குகிறது என்று அவசரப்படுத்துவார்கள், அப்போதும்தான்.

மெர்ச்சண்டைசர் (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்): ஃபிட் சாம்பிள் ஓகே ஆனது. ஆனால் பல்க்கில் துவைத்த பிறகு நீளம் குறைகிறது, சைடு தையல் முன்பக்கம் திரும்புகிறது. டெய்லர் மீது தப்பா?

டெய்லரைத் திட்டாதீர்கள். இது துணியில் இருக்கிற விஷயம். பல்க் துணி வந்ததும் ஒரு துண்டில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் அழியாத மார்க்கரில் போடுங்கள். கேர் லேபிளில் சொன்னபடி துவைத்து, காயவைத்து அளங்கள். நீளவாக்கில் 47.5 வந்தால் சுருக்கம் 5 சதவீதம். துவைத்த பிறகு 72 செ.மீ. நீளம் வேண்டுமென்றால் 72-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும்: கிட்டத்தட்ட 75.8. துணி வெட்டும் பேட்டர்ன் அந்த அளவில் இருக்க வேண்டும், தையலுக்கும் மடிப்புக்கும் விடுவது தனி. சாம்பிள் துணியின் சுருக்கத்தை வைத்துப் போட்ட பேட்டர்னை அப்படியே பல்க்குக்குக் கொடுத்தால் நீளம் குறையத்தான் செய்யும்.

தையல் திரும்புவதற்குக் காரணம் சிங்கிள் ஜெர்சி, அதாவது பனியனுக்குப் போடும் மெல்லிய பின்னல் துணி. நூலில் இருக்கும் முறுக்கு துவைத்ததும் தளர்ந்து, கண்ணிகளைச் சாய்த்துவிடும். துவைத்த சதுரம் சாய்சதுரமாகிவிட்டதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தையலில் சரிசெய்ய வழியில்லை. துணிக்குச் சாயம் போட்டு முடித்துத் தரும் பிராசஸிங்கில் பேசி, துணியைச் சரியாக்கி வாங்குங்கள். அப்புறம், ரோலைப் பிரித்த கையோடு வெட்டாதீர்கள். ஒரு நாளாவது துணி தளர்ந்து கிடக்கட்டும்.

நல்ல சாம்பிள் டெய்லர் கோணல் துணியையும் கையால் இழுத்து நேராக்கித் தைத்துவிடுவார். பீஸ் அழகாக இருக்கும், ஆனால் பல்க் தைக்கும் லைனில் அந்தக் கை கிடையாது. அதனால் என் பிரிவில், எங்கெல்லாம் இழுத்துத் தைக்க வேண்டியிருந்தது என்று டெய்லரிடம் கேட்டு சாம்பிள் கார்டில் எழுதச் சொல்கிறேன்.

சாம்பிள் டெய்லர்: ரவுண்ட் நெக்கில் ரிப் (கழுத்துப் பட்டி) அலை அலையாக நிற்கிறது.

ரிப் நீளம் அதிகம். கழுத்துச் சுற்றளவில் 80 முதல் 85 சதவீதத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். லைக்ரா ரிப் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். குழந்தைகள் உடுப்பில் மட்டும் கவனம்: கழுத்தை முழுசாக இழுத்து, பையர் சொன்ன குறைந்தபட்ச அளவு வருகிறதா என்று அளந்த பிறகே அனுப்புங்கள். தலை நுழையாத பனியனில் தையல் எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

சொந்த பிராண்ட் தொடங்குபவர், கோவை: டெக் பேக் (படம், அளவு, துணி விவரம் எல்லாம் எழுதிய தாள்) இல்லை. பிடித்த டி-ஷர்ட் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தால் தைத்துத் தருவார்களா? துணி எவ்வளவு ஆகும்?

தைத்துத் தருவார்கள். ஆனால் "இதே மாதிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் படம் வரைந்து நெஞ்சு, நீளம், தோள், கை, கழுத்து அளவுகளை எழுதுங்கள். நெஞ்சு என்றால் அக்குளுக்கு எவ்வளவு கீழே அளந்தீர்கள் என்பதும் வேண்டும். பல சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. துணி ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) எழுதுங்கள்.

துணிக்கு ஒரு தோராயக் கணக்கு: உடல் நீளம் 72, கை 22, தையல் மடிப்புக்கு 14, ஆக 108 செ.மீ. நெஞ்சு அகலம் 54, தையலுக்கு 4, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 116. இரண்டையும் பெருக்கினால் சுமார் 1.25 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம் துணியில் 225 கிராம். வேஸ்ட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 250 கிராமுக்குள். இதைத் தெரிந்துகொண்டு விலை பேசப் போங்கள்.

மெர்ச்சண்டைசர்: லேப் டிப் (கலர் ஒப்புதலுக்குச் சாயம் போட்ட சிறு துணித்துண்டு) இங்கே பார்த்தால் மேட்ச், பையர் ஆபீஸில் ரிஜெக்ட். ஏன்?

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திருப்பீர்கள். பையர் டி65 (பகல் வெளிச்சம் போன்றது) சொல்கிறாரா, டிஎல்84 (கடை விளக்கு போன்றது) சொல்கிறாரா என்று கேட்டு, லைட் பாக்ஸில் அந்த விளக்கின் கீழே பாருங்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போகிற சாயம் இன்னொன்றில் பிரிந்து தெரியும்.

மாணவர்: 3டி சாஃப்ட்வேர் வந்துவிட்டதே, இனி சாம்பிள் டெய்லர் வேலை இருக்குமா?

புரோட்டோ பலவற்றை இப்போதே திரையில் முடிக்கிறார்கள். நல்லதுதான், துணியும் கூரியர் செலவும் மிச்சம். ஆனால் பிபி சாம்பிளைத் துவைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, கூடவே ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்களிலும் உட்கார்ந்து பழகுங்கள். இரண்டும் தெரிந்த ஆள் கிடைத்தால் நான் நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.