இன்ஜின் போச்சு: பிரித்துக் கட்டுவதா, வேறு இன்ஜின் போடுவதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் பட்டறை வைத்து 19 வருடம் ஆகிறது. வருகிற இன்ஜின்களில் பாதி டர்போ வண்டிகளுடையவை, மீதி ராலிக்கும் டிராக்குக்கும் ஓடுகிறவை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதற்கு இவ்வளவு பேர் அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பிரித்துப் பார்க்காத இன்ஜினுக்கு யார் என்ன விலை சொன்னாலும் அது ஜோசியம்தான், நான் சொன்னாலும் சரி.

கேள்வி: அண்ணா, 2017 ஆக்டேவியா ஆர்எஸ், 78,000 கிமீ. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஆயில் அளவு பார்க்காமல் ஓட்டிவிட்டேன். நீளமான வளைவில் ஆயில் லைட் மின்னியது, இரண்டு ரவுண்டு கழித்து அடியிலிருந்து டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. ஷோரூமில் முழு இன்ஜின் மாற்ற 9 லட்சம், வெளியே ஒரு பட்டறையில் பிரித்துக் கட்ட மூன்றரை லட்சம் என்கிறார்கள். எது சரி?

இரண்டு விலையும் ஒரே வேலைக்கு இல்லை தம்பி, அதனால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். முதலில் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை விரித்தால் ஜிகினா மாதிரி மின்னும். காந்தம் வைத்து ஒட்டவில்லை என்றால் அது பேரிங்கின் (சுழலும் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோகச் சில்லு) பூச்சு, ஒட்டினால் இரும்பு, அதாவது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பம்ப் என்று விஷயம் இன்னும் ஆழமாகப் போய்விட்டது. அப்புறம் சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி, கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு) பேரிங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். தட்டுகிற ராடு ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் மற்ற மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் உண்மையான கதை.

முடிவைச் சொல்லப் போவது கிராங்க். மைக்ரோமீட்டர் வைத்து ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) நான்கு இடத்தில் அளந்து வட்டம் கெட்டிருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியை விடக் குறைவு, அதில்தான் ஆயில் நிற்கிறது. பழைய அம்பாசிடர் காலத்தில் கிராங்கைக் கடைந்து அடுத்த சைஸ் பேரிங் போட்டுவிடுவோம். இப்போது வருகிற பல இன்ஜின்களுக்கு அண்டர்சைஸ் பேரிங் கிடைப்பதே பெரும்பாடு, கிடைக்காவிட்டால் கிராங்க் புதிதாக வாங்க வேண்டியதுதான். புதுக் கிராங்க் என்ற வரி கணக்கில் ஏறிய நிமிடம் அந்த மூன்றரை லட்சம் பறந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆயில் கூலரும் டர்போவும். பேரிங் பொடி ஆயிலோடு வண்டி முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. நான் தொழில் ஆரம்பித்த மூன்றாவது வருடம் ஒரு டர்போ இன்ஜினை அருமையாகக் கட்டிக் கொடுத்தேன், கூலரை மட்டும் மண்ணெண்ணெய் விட்டு அலசித் திரும்ப மாட்டினேன். 400 கிமீ. அதற்குள் திரும்பித் தட்ட ஆரம்பித்துவிட்டது. கூலரை அறுத்துப் பார்த்தால் மடிப்புகளுக்குள் பொடி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மொத்தச் செலவும் என் தலையில். அன்றிலிருந்து பேரிங் போன வண்டிக்குக் கூலர் புதிதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே: பிளாக்கில் (இன்ஜினின் உடல்) ஓட்டை இல்லை, போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) நன்றாக இருக்கிறது, கிராங்க் அளவுக்குள் இருக்கிறது என்றால் பிரித்துக் கட்டுங்கள். கன்ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் பேச்சே இல்லை, ஷார்ட் பிளாக்தான், அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் வரை கட்டி, மேலே ஹெட் இல்லாமல் வருகிற பாதி இன்ஜின்.

கேள்வி: சார், 2023 டிசம்பர் புயல் மழையில் வேளச்சேரியில் வண்டி நின்றுவிட்டது. தெரியாமல் ஒரு முறை ஸ்டார்ட் செய்தேன், "டொக்" என்று ஒரு சத்தம். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை எடுத்த பிறகு ஓடியது, இன்றுவரை ஓடுகிறது. ஆனால் மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் (பிஸ்டன் அமுக்கும் காற்றழுத்தம்) குறைவு, ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் ஓடும்போது) லேசான நடுக்கம். அப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் அந்த "டொக்" கன்ராட் வளைந்த சத்தமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே பார்க்கலாம்: நான்கு பிளக்கையும் கழற்றி, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை ஓட்டைக்குள் விட்டு, ஸ்பேனரால் கையாலேயே கிராங்கைச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குச்சி எவ்வளவு மேலே வருகிறதோ அங்கே ஒரு கோடு. நான்கிலும் கோடு ஒரே இடத்தில் விழ வேண்டும். மூன்றாவதில் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால்கூட ராடு வளைந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வளைந்த ராடு மாதக்கணக்கில் ஓடும், அதுதான் ஆபத்து. ஒருநாள் பைபாஸில் முறிந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வரும். இன்றைக்கு ஒரு ராடு, ஒரு பிஸ்டன், பேரிங் செட் என்று முடிகிற வேலை, அன்றைக்கு முழு இன்ஜின் ஆகிவிடும். லேத்தில் கொடுத்து ராடை நிமிர்த்தித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் என் வண்டிக்குப் பொருந்தும் இன்ஜின் ஒன்று இருக்கிறதாம், "ஓடுகிற கண்டிஷன்" என்கிறார்கள். பிரித்துக் கட்டுகிற செலவில் பாதிதான். வாங்கலாமா அண்ணே?

வாங்கலாம், ஆனால் "ஓடுகிற கண்டிஷன்" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். கையோடு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டுப் போரில் நெட்டுக்குத்தாகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரெஷனோடு விடாமல் லீக்டவுன் டெஸ்டும் (கசிவுச் சோதனை) செய்யச் சொல்லுங்கள், காற்றை உள்ளே அடைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டால் போதும்: சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடி பக்கம் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின், 20-ஐத் தாண்டினால் நீங்கள் வாங்குவது இன்னொரு ரிப்பேர்.

அப்புறம் எண். ஆர்சி புக்கில் இன்ஜின் எண் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றக் கூடாது. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற காகிதமும் பில்லும் இல்லாத இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம். நாளைக்கு வண்டி விற்கும்போதோ விபத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ அந்த எண்தான் உங்களைத் தேடி வரும்.

கேள்வி: 2001 சிட்டி விடெக். மூன்றாவது கியரிலிருந்து நான்காவது போடும்போது இரண்டாவது விழுந்துவிட்டது. இப்போது இரண்டு சிலிண்டரில் கம்ப்ரெஷன் பூஜ்யம். அப்பா வாங்கிய வண்டி, இன்ஜினை மாற்ற மனசில்லை.

மாற்ற வேண்டாம். லிமிட்டர் (இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடுவது) பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும்போது அதற்கு வேலையே இல்லை, ஆர்பிஎம் ஒன்பதாயிரம் பக்கம் போயிருக்கும். வால்வ் பிஸ்டனில் மோதி வளைந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையில் பிறை நிலா மாதிரித் தழும்பு எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு இருந்தால் வால்வ், கைடு, சீட் வேலையோடு முடித்துவிடலாம். ஆனால் ஹெட்டோடு நிறுத்திவிடாதீர்கள், சம்ப்பைக் கழற்றிக் கன்ராட் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் இழுபட்ட போல்ட் நீண்டிருக்கும், பார்த்தால் தெரியாது. இதில் லாப நஷ்டக் கணக்கு வேண்டாம், அப்பா வண்டி.

கேள்வி: நான் மெல்போர்னில் இருக்கிறேன். சுபாரு எஸ்டிஐ, இஜே257 இன்ஜின். நான்காவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிட்டது. இங்கே மெஷின் ஷாப் கூலியைக் கேட்டால் மயக்கம் வருகிறது. உங்கள் ஊர் யோசனை இங்கே பொருந்துமா?

பொருந்தாது, நல்ல கேள்வி. கோவையில் கூலி குறைவு, பாகம் விலை அதிகம். அதனால் முடிந்தவரை இருப்பதைச் சரி செய்கிறோம். உங்கள் ஊரில் தலைகீழ், ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தாலே ஒரு பாகத்தின் விலை ஆகிவிடும். கட்டித் தயாராக வருகிற ஷார்ட் பிளாக்கை வாங்கி, உங்கள் ஹெட்டைச் சரிபார்த்து மாட்டுவதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

அந்த இன்ஜினின் போர் 99.5 மிமீ, ஸ்ட்ரோக் 79 மிமீ. நல்ல அகலமான பிஸ்டன், அதுவும் வார்ப்புப் பிஸ்டன், டெடோனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) அடித்தால் முதலில் உடைவது அந்த விளிம்புதான். ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் போட்ட பிளாக் வாங்கினால் 2618 அலாயா 4032 அலாயா, எந்த அலுமினியக் கலவை என்று கேளுங்கள். 2618 அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூட விடுவார்கள், காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் கடகடக்கும். பயந்துவிடாதீர்கள். ஆனால் ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதுப் பிளாக்கை மாட்டாதீர்கள். டியூனா, ஒரு இன்ஜெக்டர் அடைப்பா, பெட்ரோலா? காரணத்தை அப்படியே விட்டுவிட்டால் ஃபோர்ஜ்டும் ஒருநாள் உடையும்.

கேள்வி: பிஎம்டபிள்யூ எம்3, வி8. போரில் கீறல். பெரிதாகப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்கிறார் தெரிந்த லேத்காரர்.

அது இரும்பு லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்) இல்லாத பிளாக், அலுமினியத்துக்குள் சிலிக்கான் துகள் கலந்து வார்த்தது. பிஸ்டன் ஓடுவது அந்தத் துகள்களின் மேல்தான். சாதாரண ஹோனிங் கல்லை (சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் கல்) விட்டால் எல்லாம் பாழ். இந்த வேலையைச் செய்து பழகியவர் இல்லையென்றால் பிளாக்கைத் தொடவிடாதீர்கள். தெரிந்தவர் என்பது இதில் தகுதி இல்லை.

கேள்வி: பட்டறையில் ஆறு மாதம் கேரண்டி தருகிறார்கள். போதுமா?

கேரண்டியை விட அளவுத் தாள் கேளுங்கள். ஒவ்வொரு போர், ஒவ்வொரு ஜர்னல், பேரிங் இடைவெளி, ரிங் இடைவெளி, எல்லாம் எண்ணாக எழுதித் தர வேண்டும். எழுதித் தர முடியாதவர் அளக்கவில்லை.

கேள்வி: புதிதாகக் கட்டிய இன்ஜினை எப்படி ஓட்டிப் பழக்குவது? 1,000 கிமீ வரை மெதுவாகவே போகச் சொல்கிறார்கள்.

ரொம்ப மெதுவாகப் போனால் ரிங் படியாது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் முதல் ஸ்டார்ட். அதன் பின் ஐடிலில் நிறுத்தி வைக்காமல் சாலைக்குக் கொண்டுபோங்கள், நடுத்தர ஆர்பிஎம்மில் நன்றாக அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. முதல் ஆயிலை 100 கிமீயில் மாற்றிவிடுங்கள், அடுத்தது 500-ல்.

கேள்வி: எதுவும் வேண்டாம், அப்படியே விற்றுவிடலாமா?

வண்டியின் விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால், வண்டி மேல் தனிப்பாசமும் இல்லை என்றால், தாராளமாக. ஆனால் இன்ஜினைப் பிரித்து மூட்டையில் கட்டி விற்காதீர்கள், சில்லறைதான் கிடைக்கும். மாட்டிய நிலையிலேயே, உள்ளதைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

ஆக்டேவியா தம்பி, சம்ப் கழற்றியதும் நான்கு பேரிங்கையும் வரிசையாக வைத்து, எந்த சிலிண்டர் என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். அந்தப் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.