மூலம்தான் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோபி (குழாய் வழியே உடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) அறைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): சிஸ்டர், எனக்கு வயது 52. ஆறு மாதமாக மலத்தில் இரத்தம் வருகிறது. துத்தி இலையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டதில் இரண்டு வாரம் நின்றிருந்தது. மூலம்தானே?

பதில்: அண்ணாச்சி, உங்களை இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை என்பதால், அதை மூலம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. மூலத்து இரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பில், மலம் கழித்தபின் சொட்டும். புற்றுநோயில் அது மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, சளியோடு வரலாம். ஆனால் கட்டி மலக்குடலின் அடிப்பகுதியில் இருந்தால் அந்த இரத்தமும் பளிச்சென்றே இருக்குமாதலால், நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. இரண்டு வாரம் நின்றதும் ஆறுதலன்று. கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். மூலமும் கட்டியும் ஒருவருக்கே சேர்ந்திருப்பதும் உண்டு. மலம் மெலிந்து போவது, போய்வந்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, மலச்சிக்கலும் பேதியும் மாறிமாறி வருவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவையும் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

முதல் பரிசோதனை, மருத்துவர் கையுறை அணிந்த விரலால் ஆசனவாயினுள் தொட்டுப் பார்ப்பதுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேன் மட்டும் எடுத்துருங்கம்மா" என்று கெஞ்சியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். விரலுக்கு எட்டும் கட்டியைத் தேட ஸ்கேன் எதற்கு?

கேள்வி (மேலப்பாளையம்): அக்கா, அம்மாவுக்கு வயது 63, பீடி சுற்றுகிறார்கள். ஹீமோகுளோபின் 7.8. இரும்புச்சத்து மாத்திரையில் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. மலத்தில் இரத்தமே இல்லையே?

பதில்: கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் சரி. பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. அங்கே மலம் நீர்த்தே இருக்கும். ஆகவே கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் அடைப்பு வராது. துளித்துளியாகக் கசியும் இரத்தமும் கலந்து மறைந்துவிடும். களைப்பும் மூச்சு வாங்குவதுமே முதல் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று இரைப்பையிலும் குடலிலும் தேடாமல் மாத்திரையை மட்டும் நீட்டிக்கொண்டே போவது தவறு.

கேள்வி (வள்ளியூர்): அண்ணனுக்கு 46 வயதில் இந்த நோய் வந்தது. எனக்கு 38, ஒரு தொந்தரவும் இல்லை. பரிசோதனை தேவையா?

பதில்: தேவை, தம்பி. உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 36. குடும்பத்தில் கருப்பைப் புற்றுநோய் யாருக்கேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கு, முன்பு 50 என்றிருந்த தொடக்க வயதை அமெரிக்காவில் 2021இல் 45 ஆக்கினார்கள். நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான் பரிசோதனை. பெருங்குடல் பரிசோதனையை நாமாகத்தான் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான கட்டிகள் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் புற்றாக மாறப் பத்தாண்டு அளவு எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் கண்டால், குழாய் வழியே கம்பிச் சுருக்கைப் போட்டு அப்போதே அறுத்தெடுத்துவிடலாம், வலி தெரியாது.

கேள்வி: கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள் தயாரிப்புதான் பயமாக இருக்கிறது.

பதில்: பேதி மருந்தைக் குடிப்பதுதான் சிரமம். திட உணவின்றி இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு போன்றவை போதும். சிவப்பு நிறப் பானம் வேண்டாம், இரத்தம்போல் தெரியும். இரத்தம் உறையாமைக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி (அம்பாசமுத்திரம், மீண்டும்): சரி, போகிறேன். எங்கே போய் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டுப் போடுங்கள், அண்ணாச்சி. அங்கே "மூலம்" என்று சொல்லாதீர்கள். "ஆறு மாதமாக மலத்தில் இரத்தம் போகிறது" என்று மட்டும் சொல்லுங்கள்.