கல்லும் விளக்கும் வேண்டாத ஒரு நடைவழி

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்நாட்டின் தென்மேற்குக் கடற்கரைப் பாதையில் நான்கு நாட்கள் நடந்தேன். மேய்ச்சல் நிலம், மீனவர் ஊர், செங்குத்துப் பாறை என்று நிலம் மாறிக்கொண்டே வந்தது. ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரே ஏக்கம். நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் இத்தனை நீளமான கடற்கரை இருக்கிறதே, அரசு கல் பதித்து விளக்கு நட்டு இப்படியொரு நடைபாதை அமைக்கக்கூடாதா? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகர், பரமக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏக்கம் எனக்கும் பல ஆண்டுகளாக உண்டு. ஆனால் கல்லும் விளக்கும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

நீங்கள் நடந்த பாதை சுமார் 1,014 கிலோமீட்டர் நீளமுள்ளது. நடைப்பயணிகளுக்கென்று முதலில் யாரும் அதைப் போடவில்லை. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்காகக் கரைக்காவலர்கள் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தபடி ரோந்து போன தடம் அது. கரையை விட்டு விலகாமல் அப்படி ஏறி இறங்குவதற்குக் காரணமும் அதுதான். இன்றும் அதன் பெரும்பகுதி மண்தடமாகவே இருக்கிறது, ஓக் மரக் கொட்டை பொறித்த கம்பங்கள் வழிகாட்டுகின்றன. அந்நாட்டு அரசு செய்த பெரிய காரியம், வழி அறுபடாமல் இருப்பதற்குச் சட்டம் செய்ததே. இங்கிலாந்தின் கடற்கரை நெடுகிலும் நடக்கும் உரிமைக்காக 2009இல் இயற்றப்பட்ட சட்டத்தில், அலை கரையை அரித்துவிட்டால் பாதையும் உள்நோக்கி நகர்ந்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் புயலுக்குத் தனுஷ்கோடியை இழந்த நமக்கு, கரை நிலையாக நிற்பதில்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதித்த கல்லால் நகர முடியாது, மண்தடத்தால் முடியும்.

விளக்கு வேண்டாம் என்பதற்கு வேறு காரணம். தை முதல் பங்குனி வரை தனுஷ்கோடிப் பக்கத்து மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையைத்தான் கடல் என்று நம்பி ஊர்ந்து போகும். கரையில் வரிசையாக விளக்கு நட்டால் அவை கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலைக்குப் போய்ச் சாகும்.

நடைவழி என்பது நமக்குப் புதிதும் அன்று. சத்திரக்குடி, மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என்று இந்த ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சேது யாத்திரை போனவர்கள் இளைப்பாறிய இடங்களே ஊர்ப்பெயர்களாக நின்றுவிட்டன. 1914இல் பாம்பனுக்கு ரயில் பாலம் வரும்வரை யாத்திரிகர்கள் மண்டபக் கரையில் தோணி ஏறித்தான் இராமேசுவரம் தீவுக்குப் போனார்கள். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் அந்த வழியில் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். நடப்பவனுக்குத் தேவை நிழல், தண்ணீர், இராத் தங்க ஓர் இடம் ஆகிய மூன்றும்தான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இவற்றுள் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், பெரியபட்டினத்திலிருந்து சேதுக்கரை வழியாகக் கீழக்கரைக்கு நடந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கே குடுவை காலியாகிவிட்டது. பனங்கூட்டத்துக்கு அப்பால், அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பெண் மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதன் அருகில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குழியின் அடியில் ஒரு கை அளவு நீர் கலங்கலாக ஊறியிருந்தது. முதலில் ஊறியதைச் சிரட்டையால் மொண்டு வெளியே கொட்டிவிட்டுக் காத்திருந்தார். அடுத்தது தெளிவாக ஊறியது. அதைச் சிரட்டை சிரட்டையாக எடுத்து, குடத்தின் வாயில் கட்டியிருந்த பழைய சேலைத் துணி வழியே ஊற்றினார். "இன்னும் தோண்டினால் நிறைய ஊறுமே அக்கா" என்று கேட்டேன். "ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிப்போகும் தம்பி, குடிக்க முடியாது" என்றார். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது என்று நிலவியல் சொல்வதும் இதையேதான். எனக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் கொடுத்தார். அது இனித்தது. ஆனால் அந்தக் குடம் நிறைய அவர் எத்தனை நேரம் அங்கே உட்கார வேண்டியிருந்தது என்பதைப் பார்த்த பிறகு, இரண்டாவது சிரட்டை கேட்க எனக்கு மனம் வரவில்லை. கரையோர ஊர்களே தண்ணீருக்குத் தவிக்கும்போது, நூறு பேர் வந்து நடக்கும் வழியைத் திறப்பதற்கு முன் ஊர்தோறும் குடிநீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அது ஊராருக்கும் சேர்த்தே செய்யப்பட வேண்டும்.

இனி வழி. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடந்தால் இரண்டு வாரப் பயணம். இதில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்கள் வருவதுதான் அழகு. வாடை வீசும் மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடியில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம்போல நிற்கும். நடப்பவரும் காற்றைப் பார்த்தே கரையைத் தேர்ந்துகொள்ளலாம். வடக்கே தொண்டியில் தொடங்கினால் காரங்காட்டு அலையாத்திக் காடு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணம், வைகையின் வாயான ஆற்றங்கரை, அதை அடுத்துப் பழைய துறைமுகம் அகழ்ந்தெடுக்கப்பட்ட அழகன்குளம் ஆகியவை வரும். தெற்கே சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கத்து உப்பளங்கள். எல்லா இடத்திலும் கரையை ஒட்டியே போக வேண்டும் என்பதில்லை. வலை உலர்த்தும் இடத்திலும் பாசி எடுக்கும் பெண்கள் கரையேறும் இடத்திலும் வழி உள்ளே ஒதுங்கி, பனங்காட்டையும் கண்மாய்க் கரையையும் மிளகாய்க் கொல்லையையும் தொட்டுவிட்டுத் திரும்பலாம். கடலில் தெரியும் தீவுகள் 1986இல் அமைந்த தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அவற்றைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே நடையில், ஊரார் காலங்காலமாகப் போய்வந்த ஓர் ஒற்றையடிப் பாதையை இறால் பண்ணை ஒன்று முள்வேலியால் அடைத்திருந்தது. சுற்றிப் போக முயன்று சீமைக்கருவேலத்துக்குள் மாட்டிக்கொண்டேன். ஒரு முள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கிற்று. முள்ளை அன்றே எடுத்துவிட்டேன், அந்த வேலி இன்னும் இருக்கிறது. அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: வழக்கில் இருக்கும் பாதைகளை நிலப்பதிவேட்டில் ஏற்றி, யாரும் அடைக்காமல் காக்க வேண்டும்.

தை அமாவாசைக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம், சேதுக்கரையிலிருந்து கீழக்கரை வரை நடந்து, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது, குடிக்க எங்கே தண்ணீர் கிடைக்கிறது என்று குறித்துவர எண்ணியிருக்கிறேன். விடிவதற்கு முன் ஆஞ்சநேயர் கோயில் வாசலிலிருந்து புறப்படலாம். தடித்த அடியுள்ள செருப்பும் மூன்று லிட்டர் தண்ணீரும் வேண்டும். வருவதாக இருந்தால் எழுதுங்கள்.