மறைத்தே வைக்காத ஒன்றைத் தேடிப் போவதில் என்ன இருக்கிறது? டர்பனில் அளவைத் தூண் தேடுவது எப்படி?

கேள்வி: யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டான ஜியோகேஷிங்கில் டப்பா தேடித் தேடி அலுத்துவிட்டது. மலை உச்சிகளில் நிற்கும் பழைய சர்வே தூண்களைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். ஆனால் அவற்றை யாரும் மறைத்து வைக்கவில்லையே, அதில் தேட என்ன இருக்கிறது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர் எப்படித் தொடங்குவது?

பதில்: நடுவில் கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தூண்கள் மறைந்திருப்பதில்லை. வெகு தொலைவில் உள்ள இன்னொரு உச்சியிலிருந்து கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வெள்ளையடித்து, தலையில் கறுப்புத் தகடுகளை மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிப்போய்த் தொட்டு, படம் எடுத்து இறங்குவதுதான் உங்கள் திட்டம் என்றால் இதுவும் சீக்கிரம் அலுத்துவிடும். இங்கிருந்து வேறு எந்தெந்தத் தூண்கள் தெரிகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் இதில் தேடல்.

எனக்கு இதைப் பழக்கியவர் என் தாய்மாமா. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். இளம் வயதில் ஒரு நில அளவையாளரிடம் செயின்மேனாக (அளவைச் சங்கிலி பிடிக்கும் உதவியாளாக) வேலை பார்த்தவர். உச்சியை அடைந்ததும் நாங்களெல்லாம் கடல் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். மாமா பைனாகுலரை எடுத்துக்கொண்டு, "அடுத்தது எங்கே நிற்கிறது, சொல்லு பார்ப்போம்" என்பார். சொல்லும் வரை சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்க்க விடமாட்டார்.

தூண்களின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் மிகத் துல்லியமாக அளந்துகொண்டால், மற்ற இரண்டு பக்கங்களையும் கோணங்களை வைத்தே கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று நாடு முழுவதும் போகலாம். கோணம் அளக்க, ஒரு முனையிலிருந்து மற்றொரு முனை தெரிய வேண்டும். பூமியோ வளைந்திருக்கிறது. 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த வளைவு ஏறத்தாழ 70 மீட்டர் கீழே இறங்கிவிடும். காற்றில் ஒளி வளைவதால் ஓரளவு மீளும், அவ்வளவுதான். அதனால்தான் உச்சிகள். உச்சி இல்லாத இடங்களில் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களின் மேலும் உயரமான கட்டடங்களின் மேலும் புள்ளிகளை வைத்தார்கள். சமவெளியில் கோபுரத்தைத் தேடுவது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (தரையில் அளக்கும் அந்த முதல் பக்கம்) அளந்து இந்திய அளவையைத் தொடங்கிய லாம்ப்டன், 1808இல் கோணம் அளக்கும் தம்முடைய அரை டன் தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றப் போனபோது, அது கோபுரத்தில் மோதிச் சேதமானது.

அந்த இந்திய அளவைக்கும் இந்த நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752இல் கேப்டவுனைச் சுற்றிய கேப் பகுதியில் வடக்கு தெற்காக ஒரு நீளம் அளந்தார். அவர் கணக்குப்படி பூமியின் தென்பாதி வடபாதியைப் போல இல்லை, வேறு வடிவமாக இருந்தது. லாம்ப்டனிடம் வேலை பார்த்த எவரெஸ்ட் (சிகரத்துக்குப் பெயர் தந்தவர்தான்) உடல்நலம் கெட்டு 1820இல் ஓய்வுக்காக கேப் வந்தார். ஓய்வு எடுத்தாரா? லக்காய் நின்ற இடங்களைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் கணக்கில் இந்த நாட்டில் பழைய அளவைப் புள்ளி தேடிய முதல் பொழுதுபோக்காளர் அவர்தான். பக்கத்து மலைகளின் ஈர்ப்பு, செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும், பிழை அங்கேதான் என்று அவர் சந்தேகப்பட்டார். 1840களில் கேப் வானியலாளர் மக்ளியர் மறுபடி அளந்தபோது அந்தச் சந்தேகம் சரி என்று தெரிந்தது. மக்ளியர் 1844இல் டேபிள் மலையில் எழுப்பிய கற்குவியல் 1086 மீட்டர் உயரத்தில், அந்த மலையின் மிக உயர்ந்த இடத்தில், இன்றும் இருக்கிறது. இடிந்து போய்த் திரும்பக் கட்டியது. கேபிள் கார் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கூட்டம் இருக்கும், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

டர்பன் இருக்கும் நேட்டாலில் முறையான அளவை, பின்னாளைய கேப் வானியலாளர் டேவிட் கில்லின் யோசனைப்படி 1883இல் தொடங்கியது. அப்போது நம் முன்னோர்களை ஏற்றி வந்த முதல் கப்பல் டர்பனில் கரைசேர்ந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டங்களை அளந்தபோது தூணுக்குத் தண்ணீரும் மணலும் சுமந்தவர்கள் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடைப்பதில்லை. மாமா இதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார். இன்னொன்று, டர்பன்காரர்கள் பெருமைப்படவேண்டிய செய்தி: டெல்லுரோமீட்டரை உருவாக்கிய டிரெவர் வாட்லி டர்பனில் பிறந்தவர். ஒரு உச்சியிலிருந்து மற்றொன்றுக்கு நுண்ணலையை அனுப்பித் திரும்பப் பெற்று தூரத்தைச் சொல்லும் கருவி அது. 1957இல் வெளிவந்த பிறகு, பத்துப் பத்துக் கிலோமீட்டராக நீளும் பக்கங்களை நேராகவே அளக்க முடிந்தது. அப்போதும் உச்சியில் ஏறித்தான் ஆகவேண்டும்.

இப்போது அளப்பதற்காக ஏறுவது அரிது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளை வாங்கும் டிரிக்நெட் என்னும் தரை நிலையங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனாலும் தூண்கள் நிற்கின்றன: நாடு முழுவதும் ஏறத்தாழ 29,000. பட்டியலும் வரைபடங்களும் கேப்டவுன் மௌப்ரேயில் உள்ள தேசிய வரைபட அலுவலகத்திடம் கிடைக்கும்.

தொடங்குவதற்கு 1:50,000 அளவு வரைபடத் தாள் ஒன்று போதும். தாளின் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 2930 என்றால் தெற்கே 29 பாகை, கிழக்கே 30 பாகையில் தொடங்கும் கட்டம். அதை நான்காக வெட்டி ஏ, பி, சி, டி. ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக வெட்டி அதே எழுத்துகள். சாட்ஸ்வொர்த் 2930டிடியில் வரும். டர்பன் நகரம் 2931சிசி. வெருலம், டொங்காட் பக்கத்தவர்களுக்கு 2931சிஏ. தாளில் சின்ன முக்கோணமும் அதன் அருகே எண்ணும் இருக்கும் இடமெல்லாம் தூண்.

உங்கள் ஜிபிஎஸ்ஸில் எண்களை ஏற்றும்போது ஒரு சிக்கல் வரும். 1999க்கு முந்தைய தாள்கள் கேப் டேட்டம் என்ற, இடங்களின் எண்களைக் கணக்கிடும் பழைய அடிப்படையில் இருக்கின்றன. இப்போதைய அடிப்படையான ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94 ஜிபிஎஸ்ஸுடன் ஒத்துப்போகும். பழைய எண்களை அப்படியே போட்டால் சில பத்து மீட்டர்கள் தள்ளிப்போய் நிற்பீர்கள். திறந்த குன்றில் அது பொருட்டில்லை. ஆளுயரக் கரும்புக்குள் வெட்டுக்கத்தி இல்லாமல் நின்றால் தெரியும். அளவையாளர்கள் இடத்தை மீட்டரில் குறிக்கும் கட்ட எண்கள் இன்னும் வேடிக்கை: இந்த நாட்டில் அவை மேற்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் கூடுகின்றன. கிழக்கும் வடக்கும் என்று பழகிய மூளை கொஞ்சம் சண்டை போடும்.

காம்பஸும் அப்படித்தான். சென்னையில் ஊசி உண்மை வடக்கிலிருந்து ஒன்றிரண்டு பாகைதான் விலகும். இங்கே ஏறக்குறைய 25 பாகை மேற்கே சாய்ந்து நிற்கிறது. அதைத் திருத்தாமல் "அந்தக் குன்றில் தூணே இல்லை" என்று அறிவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உச்சியில் செய்யவேண்டியது இதுதான். தாளை விரித்து, நீங்கள் நிற்கும் முக்கோணத்திலிருந்து மற்ற முக்கோணங்களுக்குப் பென்சிலால் கோடு இழுங்கள். கோட்டின் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள். சில உடனே கிடைக்கும். சிலவற்றின் முன்னால் கைபேசிக் கோபுரமோ யூகலிப்டஸ் தோப்போ எழுந்திருக்கும். தெரியாத ஒன்றுக்கு ஏன் தெரியவில்லை என்று காரணம் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு அதிக ருசி. மரம் வளர்ந்ததா, தூண் விழுந்ததா, இடையில் இருக்கும் முகடு மறைக்கிறதா? விடை வேண்டுமானால் அடுத்த வாரம் அந்தக் குன்றில் ஏறி இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு தூண் இன்னொன்றுக்கு அனுப்பிவைப்பது இப்படித்தான். டப்பாவில் இது கிடையாது.

உங்கள் டப்பாவை அங்கே வைக்க நினைத்தால், தூணிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் அடியில் தோண்டவோ, மேலே எதையும் ஒட்டவோ, தகட்டைத் திருகவோ கூடாது. அளவைக் குறிகளைச் சேதப்படுத்துவது 1997ஆம் ஆண்டின் 8ஆம் எண் நில அளவைச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குறிகளைப் பதிவதற்கென ஜியோகேஷிங் தளத்தில் இருந்த தனிப் பகுதியை 2023இல் மூடிவிட்டார்கள். நமக்கு அது எப்போதுமே இல்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வைக்கிறேன்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் வேண்டாம். கரும்புத் தோட்டம் என்றால் உரிமையாளரிடம், ஜூலு ஊர் நிலம் என்றால் அடிவாரத்து வீட்டில் நின்று வணக்கம் சொல்லிக் கேளுங்கள். இனாண்டா பக்கம் ஒரு பாட்டி, ஜூலுவில் பாட்டியை அழைக்கும் கோகோ என்ற சொல்லால்தான் அழைத்தோம், எங்களோடு தம் பேரனையே வழிகாட்டியாக அனுப்பினார். தூணைச் சுற்றி மாடு மேய்த்து வளர்ந்த அந்தப் பையனுக்கு எங்கள் பைனாகுலரே தேவைப்படவில்லை. தனியாக மட்டும் போகாதீர்கள்: வழிப்பறி உண்டு, பஃப் ஆடர் என்ற விஷப் பாம்பு உண்டு.

காலம்? கோடையில் பிற்பகல் இடி மின்னல் வரும். வெட்டவெளி உச்சியில் உயர்ந்து நிற்கும் இரண்டே பொருள்கள் தூணும் நீங்களும்தான். குளிர்காலத்தில் வானம் தெளிவு, ஆனால் கரும்பு எரிப்பதும் அப்போதுதான். புகை கிளம்பிவிட்டால் பத்துக் கிலோமீட்டர்கூடத் தெரியாது. குளிர்காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைப் பிடியுங்கள். தாள் 2930டிடியை முதலில் எடுத்துக்கொண்டால் சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தூண்களுக்கு மாமாவையும் கூட்டி வருகிறேன். சாப்பாட்டை நீங்கள் கொண்டுவாருங்கள்.