கேளுங்கள், சொல்கிறோம்: எகிப்தின் ஷாதியா

கேள்வி: பழைய எகிப்துப் படம் ஒன்றை யூடியூபில் பார்த்தேன். அதில் ஷாதியா பாடுகிறாரே, அவர் குரல்தானா, பின்னணியா?
– வாசகர், மதுரை

அவர் குரலேதான். ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குத்தான் பழகிப்போயிற்று. கெய்ரோவில் நன்றாகப் பாடுகிறவர்களையே பாட்டுப் படங்களுக்கு நாயகன், நாயகி ஆக்கினார்கள். லைலா முராத், ஃபரீத் அல் அத்ரஷ், அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். 1931இல் பிறந்த ஷாதியா, 1947இல் முகம்மது ஃபவ்ஸியின் ஜோடியாக நடிக்கும்போது வயது பதினாறு!

கேள்வி: நான் பார்த்த படங்களில் எல்லாம் குறும்புக்காரப் பெண்ணாகவே வருகிறார். அழுத்தமாக எதுவும் நடிக்கவில்லையா?
– வாசகி, கோவை

ஐம்பதுகளின் படங்களாகப் பார்த்து மாட்டிக்கொண்டீர்கள் போலிருக்கிறது. 'திரையுலகின் செல்லம்' என்று பெயர் வைத்து, வருஷக்கணக்கில் அதே வேடத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1959இல் 'அல் மர்ஆ அல் மஜ்ஹூலா' (முகம் தெரியாத பெண்) வந்தது. கணவனால் தவறாகச் சந்தேகிக்கப்பட்டு, குழந்தையைப் பிரிந்து, கடைசியில் கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கும் கிழவி வேடம். அவருக்காக வாதாடும் வக்கீல் அவருடைய மகன், அது அவனுக்குத் தெரியாது. அப்போது ஷாதியாவுக்கு இருபத்தெட்டு வயது, மகனாக நடித்த ஷுக்ரி சர்ஹானோ அவரைவிட மூத்தவர். அழகு நாயகி எவரும் யோசிக்கிற இடம் இது, இவர் துணிந்து நரைமுடி வைத்துக்கொண்டார்.

அப்புறம் எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸின் நாவல்களைப் படமாக்கியபோது வந்த வேடங்கள். 'திருடனும் நாய்களும்' படத்தில் பாலியல் தொழிலாளி நூர், 'மிதக் சந்து' படத்தில் ஹமீதா, 'மிராமார்' படத்தில் ஸுஹ்ரா.

ஆனால் என்னைக் கேட்டால் 1969இல் வந்த 'ஷைஉம் மினல் கவ்ஃப்' (கொஞ்சம் பயம்) தான் உச்சம். ஊரையே நடுங்கவைக்கும் அத்ரீஸ் தண்ணீரை அடைத்துவிடுகிறான், பயிர் காய்கிறது, யாரும் வாய் திறக்கவில்லை. ஷாதியா நடித்த ஃபுவாதா தனியாகப் போய் மதகைத் திறந்துவிடுகிறாள். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், வீரவசனம் எதுவும் தேவைப்படவில்லை. அத்ரீஸோடு அவள் சம்மதமில்லாமல் நடந்த கல்யாணம் செல்லாது என்று ஊரே தீப்பந்தத்தோடு திரண்டு வரும். அத்ரீஸ் என்பது அப்போதைய எகிப்து அதிபர் நாசர்தான் என்று பேச்சுக் கிளம்பி, நாசரே படத்தைப் பார்த்த பிறகுதான் வெளிவந்தது என்பார்கள்.

கேள்வி: 2011 புரட்சியின்போது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் பாடியது அவர் பாட்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆமாம், 'யா ஹபீப்தி யா மஸ்ர்' (என் அன்பே, எகிப்தே). இஸ்ரேலுடனான 1967 போர்த் தோல்விக்குப் பிந்தைய ஆண்டுகளில் பலீக் ஹம்தி இசையில் பாடியது. அத்தனை வருஷம் கழித்தும் கூட்டத்துக்கு வரிகள் மனப்பாடம். பாடியவரோ எண்பதுகளின் நடுவிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டோடு ஒதுங்கிவிட்டார்; நூறு படத்துக்கு மேல் நடித்தவர், மேடை நாடகம் மட்டும் ஒன்றே ஒன்று, 'ரய்யாவும் சகீனாவும்'. 2017 நவம்பர் 28இல் காலமானார்.

கேள்வி: முதலில் எதைப் பார்க்கலாம்?
– வாசகி, சேலம்

'மிராத்தி முதீர் ஆம்' (என் மனைவி பொது மேலாளர்), 1966. கணவன் வேலை பார்க்கும் இடத்துக்கே மனைவி மேலதிகாரியாக வந்து சேர்கிறாள். கணவனாக நடித்த ஸலாஹ் ஸுல்ஃபிகார் அப்போது நிஜத்திலும் ஷாதியாவின் கணவர். உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.